விண்டோஸ் 10 கணினியில் எந்த லினக்ஸைப் போடலாம்?

கேள்வி: 2016-இல் வாங்கிய மேசைக் கணினி வீட்டில் இருக்கிறது. இன்டெல் ஐ3 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 11 இதில் ஏறாது என்று திரையில் அறிவிப்பு வருகிறது. கடைக்காரர் புதுக் கணினி வாங்கச் சொல்கிறார். அலுவலக நண்பர் லினக்ஸ் போடச் சொல்கிறார். தேடிப் பார்த்தால் உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன், சோரின் என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன. தரவரிசையில் முதலிடத்தில் இருப்பதையே போட்டுக்கொள்ளலாமா?

பதில்: பணத்தை எடுக்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் கணினி பழுதாகவில்லை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் நிபந்தனை வைத்திருக்கிறது. உங்களுடையது அதற்கு முந்தையது. மின்னஞ்சல், வங்கி வேலை, கடிதம், காணொளி ஆகியவற்றுக்கு அதில் இன்னும் வலு இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன என்பதுதான் சிக்கல். தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு தருகிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைக் காப்புப்பிரதி எடுக்க ஒப்புக்கொண்டால் அதற்குக் கட்டணம் இல்லை. அது தற்காலிக ஏற்பாடுதான்.

லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம். உபுண்டு, மின்ட் போன்ற அதன் வகைகளை டிஸ்ட்ரோ என்பார்கள். தரவரிசையை நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள். பலரும் எடுத்துக்காட்டும் டிஸ்ட்ரோவாட்ச் பட்டியல், அந்தத் தளத்தில் ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் உள்ள பக்கம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதன் கணக்கு. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதை அது சொல்லாது, தரத்தையும் சொல்லாது. நேற்று வந்த ஒரு டிஸ்ட்ரோவை ஆர்வத்தில் எல்லோரும் திறந்து பார்த்தாலே அது மேலே ஏறிவிடும்.

உங்கள் விவரங்களை வைத்து நான் சொல்வது லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய திரை அமைப்பு கொண்ட பதிப்பு. மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது. 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். குறைந்தது 2 ஜிபி ரேம் வேண்டும், வசதியாக வேலை செய்ய 4 ஜிபி என்பது மின்ட் குழுவே சொல்லும் அளவு. கீழே பட்டி, இடது மூலையில் மெனு என்ற அமைப்பு விண்டோஸில் பழகிய கைக்கு அந்நியமாக இருக்காது. டைம்ஷிஃப்ட் என்ற கருவி உடன் வருகிறது. ஒரு புதுப்பிப்பு கோளாறு செய்தால் முந்தைய நிலைக்குத் திரும்ப அது உதவும். முதல் நாளே அதை இயக்கி வையுங்கள். இதே மின்ட்டின் சின்னமன் பதிப்பு பார்வைக்கு இன்னும் நன்றாக இருக்கும். ரேமைக் கூட்டிய பிறகு அதற்குப் போகலாம்.

புதுக் கணினிக்குக் கொடுக்கவிருந்த தொகையில் ஒரு சிறு பகுதியை, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தும் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி-க்குச் செலவிடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்தான் உங்கள் கணினியை மந்தமாக்கும் முதல் காரணம். எந்த டிஸ்ட்ரோவும் அதற்கு மருந்தாகாது. ரேம் வாங்குமுன் மதர்போர்டைப் பார்த்துவிடுங்கள்: ஆறாம் தலைமுறைக் கணினிகளில் டிடிஆர்4 வகை ரேம் எடுப்பவையும் உண்டு, டிடிஆர்3எல் எடுப்பவையும் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. உபுண்டு நல்லது, ஆனால் அதன் நோம் என்ற திரை அமைப்பு 8 ஜிபி ரேமில்தான் தாராளமாக இயங்கும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 உறுதியானது. மாற்றத்தை விரும்பாதவர்களுக்கு ஏற்றது. ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்பும் ஏறத்தாழ 13 மாதங்களே ஆதரவு பெறும், ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையாவது பதிப்பு மாற்ற வேண்டும். சோரினில் இலவசப் பதிப்பே வீட்டுக்குப் போதும். ஆர்ச் லினக்ஸை முதல் முயற்சியாக யாருக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கேள்வி: விண்டோஸை அழிக்காமல் லினக்ஸைச் சோதித்துப் பார்க்க முடியும் என்கிறார்களே, எப்படி? எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முடியும். கடையில் வாங்கும் எந்த மென்பொருளும் இவ்வளவு தாராளமாக முன்னோட்டம் பார்க்க விடுவதில்லை. இந்த வாய்ப்பைத் தவறவிடாதீர்கள். 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ளவை அழிந்துவிடும். டிஸ்ட்ரோவின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (முழு டிஸ்ட்ரோவும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற இலவச மென்பொருளால் பென் டிரைவில் எழுதுங்கள். மூன்று நான்கு டிஸ்ட்ரோக்களை ஒப்பிட விரும்பினால் வென்டாய் என்பதைப் பயன்படுத்துங்கள். பெரிய பென் டிரைவ் ஒன்றிலேயே பல ஐஎஸ்ஓ கோப்புகளைப் போட்டு, தொடங்கும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

இறக்கிய கோப்பைச் சரிபார்க்காமல் எழுதாதீர்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள் ஊடுருவியவர்கள், மின்ட் 17.3 சின்னமன் பதிப்புக்கான இணைப்பைத் திருப்பி, உளவுக் கதவு வைத்த கோப்பை மக்கள் இறக்கும்படி செய்தார்கள். மின்ட் குழு உடனே அதை வெளிப்படையாக அறிவித்தது. கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எஸ்எச்ஏ-256 எண்ணையும் அதனுடன் தரப்படும் டிஜிட்டல் கையொப்பத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை டிஸ்ட்ரோவின் தளத்திலேயே படிப்படியாக விளக்கப்பட்டிருக்கும். சில நிமிட வேலைதான்.

கணினியை இயக்கியவுடன் எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். எந்த விசை என்பது கணினிக்குக் கணினி மாறும். பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் முழுத்திரையில் வரும், நீங்களாக நிறுவச் சொல்லாதவரை ஹார்டு டிஸ்க்கில் எதுவும் மாறாது. பென் டிரைவிலிருந்து ஓடுவதால் வேகம் குறைவாகத்தான் இருக்கும். அதை வைத்து மதிப்பிடாதீர்கள். வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, திரை சரியான தெளிவில் தெரிகிறதா, கணினியைத் தூங்கவைத்து எழுப்பினால் ஒழுங்காக எழுகிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும்விட, பிரிண்டரை இணைத்து ஒரு தாள் அச்சிட்டுப் பாருங்கள். எனக்கு வரும் புகார்களில் டிஸ்ட்ரோவைப் பற்றியவை குறைவு, பிரிண்டரைப் பற்றியவையே அதிகம். ஓட்டுநர் மென்பொருள் இல்லாமலே அச்சிடும் ஏர்பிரின்ட் வசதியுள்ள புதிய பிரிண்டர்கள் பொதுவாகத் தொல்லை தருவதில்லை. எச்பி பிரிண்டர்களுக்கு அந்த நிறுவனமே லினக்ஸ் மென்பொருள் தருகிறது. லேசர்ஜெட் 1020 போன்ற சில மாடல்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு கோப்பை இறக்க வேண்டும். சிறு அலுவலகங்களில் நிறையக் காணப்படும் கேனான் எல்பிபி 2900 தனக்கென ஒரு முறையில் பேசுவது; அதற்குத் தனி மென்பொருள் நிறுவிப் பொறுமையாக அமைக்க வேண்டியிருக்கும். வீட்டில் இருப்பது அதுவானால், உதவிக்கு ஆள் கிடைத்த பிறகு மாறுங்கள்.

கேள்வி: சிறிய அச்சகம் நடத்துகிறேன். டேலி, கோரல்டிரா, பழைய தமிழ் எழுத்துருக்களில் செய்த ஆயிரக்கணக்கான கோப்புகள். லினக்ஸுக்கு மாறலாமா?

பதில்: அச்சகக் கணினியில் வேண்டாம். டேலி பிரைமுக்கும் கோரல்டிராவின் இன்றைய பதிப்புகளுக்கும் லினக்ஸ் வடிவம் இல்லை. ஒயின் போன்ற இடைமென்பொருள் வழியே ஓட்டுவதாகச் சிலர் சொல்வார்கள். வாடிக்கையாளர் வாசலில் காத்திருக்கும் தொழிலில் அந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். வீட்டுக் கணினியிலோ கூடுதலாக இருக்கும் ஒன்றிலோ தொடங்கிப் பழகுங்கள்.

தமிழைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியில் தமிழ்99, பழைய தட்டச்சு முறை, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு எல்லாம் இருக்கின்றன. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் செய்த வேர்டு கோப்புகளும், அதே எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நிறுவினால், லிப்ரே ஆஃபிஸில் படிக்கும்படி திறக்கும். பக்க அமைப்பு அப்படியே வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: லினக்ஸ் நிறுவித் தர ஒரு கடையில் 1,500 ரூபாய் கேட்டார்கள். அதோடு “லைசென்ஸ் கீ”க்கு 600 ரூபாய் தனி என்றார்கள். இலவச மென்பொருளுக்கு ஏன் பணம்?

பதில்: முதல் தொகை நியாயமா என்பது வேலையைப் பொறுத்தது. உங்கள் கோப்புகளைக் காப்புப்பிரதி எடுத்து, லினக்ஸை நிறுவி, பிரிண்டரையும் தமிழ்த் தட்டச்சையும் அமைத்துத் தருவது உழைப்பு. அதற்குக் கூலி கேட்பதில் தவறில்லை. லினக்ஸ் வெளியிடப்படும் ஜிபிஎல் உரிமம் மென்பொருளைப் பணத்துக்கு விற்கவும்கூட அனுமதிக்கிறது.

இரண்டாவது தொகையைக் கொடுக்காதீர்கள். மின்ட், உபுண்டு, டெபியன், ஃபெடோரா எதற்கும் லைசென்ஸ் கீ என்ற ஒன்றே கிடையாது. உபுண்டு புரோ என்ற கூடுதல் பாதுகாப்புச் சேவைக்கு ஒரு குறியீடு உண்டு; தனிநபர்களுக்கு ஐந்து கணினிகள் வரை அதுவும் இலவசம், நீங்களே பதிவு செய்து பெறலாம். இல்லாத ஒன்றை விற்பது ஏமாற்று. என்ன வேலை, எவ்வளவு, கோப்புகளைக் காப்பது யார் பொறுப்பு என்பதை எழுதிய பில்லைக் கேளுங்கள். பில் தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்றே வகைப்படுத்துகிறது. ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கேள்வி: மகனின் புதுக் கணினியில் விண்டோஸ் 11-ஐயும் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே லினக்ஸ் போடக் கேட்கிறான். ஆபத்து உண்டா? விளையாட்டுகளும் ஓடுமா?

பதில்: புதிய கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டின் மீட்பு எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைத்த பிறகே பயாஸ் என்ற கணினியின் தொடக்க அமைப்புகளைத் தொடச் சொல்லுங்கள். அந்த எண் இல்லாமல் பூட்டிக்கொண்டால் கோப்புகள் போனதுபோலத்தான். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற விரைவுத் தொடக்க வசதியை நிறுத்திவிட்டு, டிஸ்க்கில் லினக்ஸுக்கான இடத்தையும் விண்டோஸிலிருந்தே ஒதுக்கட்டும். ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தில் உள்ள விளையாட்டுகளில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடும். வேலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் ஓடா. அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் விளையாட விடுவதில்லை. அவன் ஆடுவது அவைதான் என்றால் விண்டோஸை அழிக்காமல் வைத்திருப்பதே சரி.