லோரி கம்பெனியின் லைசென்ஸையும் பராமரிப்பையும் நாமே ஆடிட் செய்ய முடியுமா?

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்தில் அப்பா நடத்தும் சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியை இப்போது நான் கவனிக்கிறேன். 9 லோரிகள். புதிதாக வரும் பெரிய வாடிக்கையாளர், ஒப்பந்தம் போடும் முன் லைசென்ஸ், பராமரிப்பு இரண்டுக்கும் ஆடிட் அறிக்கை கேட்கிறார். எங்கிருந்து தொடங்குவது? வெளி ஆளை வைக்க வேண்டுமா?

பதில்:

பிறை, பட்டர்வொர்த் பக்கம் லோரி கம்பெனிகளில் 19 வருடமாக இருக்கிறேன். முதலில் பட்டறையில் கணக்கு எழுதினேன், அப்புறம் பாதுகாப்பு அதிகாரியானேன், இப்போது சின்னக் கம்பெனிகளுக்கு உள் ஆடிட் செய்து கொடுக்கிறேன். 9 லோரி என்றால் நீங்களே செய்யலாம், மூன்று நாள் ஒதுக்கினால் போதும். வெளி ஆள் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆடிட் என்றதும் பலர் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இது இருக்கா, அது இருக்கா என்று டிக் அடிக்கிறார்கள். எல்லாம் இருக்கும். கோப்பே இல்லாத கம்பெனியை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரே லோரியைப் பற்றி டிரைவர் எழுதிய தாள், பட்டறை பில், ஜிபிஎஸ் பதிவு, சரக்கு இன்வாய்ஸ் நான்கும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்றுதான் நான் பார்ப்பேன். அங்கேதான் கோளாறு வெளியே வரும்.

லைசென்ஸ் பக்கத்தை அரை நாளில் முடித்துவிடலாம். அப்பாட் (தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம்) கொடுத்த லைசென்ஸ், ஒவ்வொரு லோரியின் கிராண்ட் (வாகனப் பதிவுச் சான்று), ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் வாகனப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். பெயர், பதிவு எண், முகவரி, காலாவதித் தேதி எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கம்பெனி இடம் மாறியிருந்தால் பழைய முகவரி எங்காவது ஒரு தாளில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது ஏ பெர்மிட்டா, சி பெர்மிட்டா என்பது. ஏ என்றால் அடுத்தவர் சரக்கைக் கூலிக்கு ஏற்றலாம். சி என்றால் சொந்தச் சரக்கு மட்டும்தான். சி பெர்மிட் லோரி ஒன்று, திரும்பி வரும்போது காலியாக வருவானேன் என்று தெரிந்தவரின் சரக்கை ஏற்றி வந்திருக்கும், அதற்கு இன்வாய்ஸும் போட்டிருப்பார்கள். அந்த இன்வாய்ஸ் உங்கள் கணக்குக் கோப்பிலேயே இருக்கும். பெர்மிட்டை வேறு ஒருவருக்கு மாத வாடகைக்கு விட்டிருக்கிறார்களா என்று அப்பாவிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதற்குச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள். உங்கள் பெயரில் ஓடும் லோரியின் பிரேக்கை யார் பார்க்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியாத நிலை அது. லைசென்ஸ் உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையதுதான்.

டிரைவர்களின் ஜிடிஎல் (சரக்கு வண்டி ஓட்டும் லைசென்ஸ்) காலாவதித் தேதியையும் லைசென்ஸ் வகுப்பையும் பார்க்கும்போது, கார்டை நேரில் வாங்கிப் பாருங்கள். கோப்பில் இருக்கும் நகல், அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்ததாக இருக்கும்.

அப்புறம் வெளியே போய் லோரிக் கதவைப் பாருங்கள். கம்பெனி பெயருக்குக் கீழே வெறும் வண்டியின் எடையும் சரக்கோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட எடையும் எழுதியிருக்கும். அந்த எண்களைக் கிராண்டோடு ஒப்பிடுங்கள். இனி டன் கணக்கில் கூலி வாங்கிய இன்வாய்ஸ்களை எடுங்கள். அதிகப் பாரம் ஏற்றியதற்கான சாட்சி இங்கேதான் இருக்கிறது. டன்னுக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று கூலி வாங்கினால், எத்தனை டன் ஏற்றினோம் என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம் இல்லையா? கொள்கலன் என்றால் இன்னும் சுலபம். 2016 ஜூலை 1 முதல், ஏற்றுமதிக் கொள்கலன் கப்பலில் ஏறும் முன் அதன் சரிபார்த்த மொத்த எடையை அறிவித்தாக வேண்டும் என்பது உலகம் முழுவதற்குமான கடல் பாதுகாப்பு விதி. அந்த எடையோடு பிரைம் மூவர் (இழுக்கும் தலைவண்டி), டிரெய்லர் இரண்டின் வெறும் எடையைக் கூட்டி, அனுமதிக்கப்பட்ட எடையோடு ஒப்பிடுங்கள்.

சரி, இப்போது பராமரிப்புக்கு வருவோம். மீதி இரண்டரை நாளையும் இதற்கே கொடுங்கள்.

ஒன்பது லோரிகளையும் மேலோட்டமாகப் பார்ப்பதைவிட மூன்றைத் தேர்ந்தெடுத்து ஆழமாகப் பாருங்கள். மிகப் பழையது ஒன்று, அதிகத் தூரம் ஓடியது ஒன்று, டிரைவர் அடிக்கடி மாறும் லோரி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கடந்த 15 மாதத் தாள்களை எடுங்கள். 15 மாதம் என்பது பிரிட்டனில் லோரிகளின் பரிசோதனைப் பதிவுகளை வைத்திருக்கச் சொல்லும் காலம். அங்கே லைசென்ஸ் வாங்கும்போதே வண்டியை நல்ல நிலையில் வைத்திருப்பேன், டிரைவர் சொல்லும் பழுதை எழுத்தில் பதிவேன் என்று கம்பெனி வாக்குக் கொடுக்க வேண்டும். மீறினால் டிராஃபிக் கமிஷனர் விசாரணைக்குக் கூப்பிடுவார். நம் நாட்டில் போக்குவரத்துத் துறைக்கான ஐகோப் என்ற பாதுகாப்பு நடைமுறைத் தொகுப்பும், சாலைப் போக்குவரத்து இலாகா நடத்தும் ஜீசா என்ற பாதுகாப்பு ஆடிட்டும் இருக்கின்றன. பதிவு வைக்கும் பழக்கத்தை மட்டும் நான் பிரிட்டனிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஒரு வருடத்துக்கு மேல் தாள் இருந்தால்தான், ஒரே பழுது திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும்.

டிரைவரின் தினசரிச் சோதனைத் தாளில் தொடங்குங்கள். ஒரு கம்பெனியில் ஒரு மாதத் தாளைக் கையில் வாங்கினேன். எல்லா நாளும் ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். தைப்பூசத்தன்றும் டிக் இருந்தது. அன்று கேட்டைப் பூட்டிவிட்டு எல்லாரும் தண்ணீர்மலைக் கோயிலில் இருந்தார்கள். அந்த டிரைவரைத் தனியே கூப்பிட்டு, "அண்ணே, இதை எப்ப எழுதுவீங்க?" என்று கேட்டேன். "மாசக் கடைசியில ஆபீஸ்ல குடுப்பாங்க தம்பி, உக்காந்து எழுதிக் குடுத்துடுவேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே அதுதான்.

இன்னொரு கம்பெனியில் மூன்று மாதத் தாளில் ஒரு பழுதுகூட இல்லை. லோரிகளோ பத்து வருடம் தாண்டியவை. பட்டறைச் சாமான் பில்களை எடுத்துப் பார்த்தேன். அதே மூன்று மாதத்தில் 14 பல்பு வாங்கியிருந்தார்கள். பல்பு போனதாக ஒரு டிரைவரும் எழுதவில்லை. பழுது இருந்தது, வாயால் சொன்னார்கள், பட்டறைக்காரர் மாற்றினார், தாளில் மட்டும் வரவில்லை. ஏன் என்று விசாரித்தால், முன்பு ஒருமுறை பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதிய டிரைவரை முதலாளி எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு யார் எழுதுவார்கள்? உங்கள் கம்பெனியில் பழுதே இல்லாத தாள்கள் இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அவற்றைச் சாமான் பில்லோடு வைத்துப் பாருங்கள்.

பில்லையும் சும்மா நம்ப வேண்டாம். பில்லில் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். அன்றைய ஜிபிஎஸ்ஸைத் திறந்து லோரி அந்த நேரத்தில் எங்கே நின்றது என்று பாருங்கள். மாக் மண்டின் பட்டறையில் முழு நாள் சர்வீஸ் என்று பில் சொல்லும், ஜிபிஎஸ் அந்த லோரியை ஜொகூரில் காட்டும். நான் பார்த்த இடத்தில் பட்டறைக்காரர் மாதக் கடைசியில் மொத்தமாகப் பில் போட்டதுதான் காரணம், திருட்டு எதுவும் இல்லை. ஆனாலும் எந்த லோரிக்கு எப்போது என்ன செய்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இதே வழிதான். 3,500 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களுக்கு 2025 அக்டோபர் 1 முதல் கட்டம் கட்டமாக அது கட்டாயமாகி வருகிறது. சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகான நாட்களில் ஜிபிஎஸ் காட்டும் அதிக வேகத்தைப் பாருங்கள்.

இரண்டாம் நாள் அதிகாலை ஐந்து மணிக்கு யார்டில் இருங்கள். டிரைவர்களுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். டார்ச் எடுத்துக்கொண்டு, டிரைவர் வண்டியைச் சுற்றி வருவதைத் தள்ளி நின்று பாருங்கள். சுற்றி வராமல் ஏறி உட்கார்ந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அங்கேயே திட்டாதீர்கள்.

சக்கரத்திடம் குனிந்து பாருங்கள். நட்டைச் சுற்றித் துரு கோடுகோடாக வெளியே ஓடியிருந்தால் அந்த நட் தளர்ந்திருக்கக் கூடும். மழைநீர் உள்ளே போய்த் துருவோடு கசிந்து வரும் கோடு அது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. அந்த எண்களையும் வரிசை எண்ணையும் எழுதிக்கொண்டு, சென்ற பரிசோதனைக்கு எந்த டயரோடு போனது என்று கேளுங்கள். பரிசோதனை நாளுக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. பிரேக்குக்கான காற்றுத் தொட்டியின் அடி வால்வைத் திறந்து வடித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் வருவது சகஜம். குவளைக் கணக்கில் கொட்டினால் யாரும் வடிப்பதில்லை என்று அர்த்தம். எண்ணெய் கலந்து வந்தால் கம்பிரசரைப் பார்க்க வேண்டும்.

லோரி ஓடித் திரும்பியதும் இன்னொரு சோதனை. தொடாமலே சூட்டை அளக்கும் வெப்பமானியை ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் டிரம்மிலும் காட்டுங்கள். ஒரே அச்சில் இடது பக்கம் சுட்டு, வலது பக்கம் ஆறிப்போயிருந்தால் வலது பிரேக் வேலை செய்யவில்லை. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகவும் கொதித்தால் பிரேக் விடாமல் உரசுகிறது, அல்லது பேரிங் போகப் போகிறது. எந்தத் தாளும் இதைச் சொல்லாது.

சக்கர நட் விஷயத்தில் நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. 2014-இல் நான் பட்டறைப் பொறுப்பில் இருந்தபோது ஒரு டிரெய்லருக்கு இரண்டு டயர் மாற்றினோம். வேலை அட்டையில் எல்லாம் சரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கினார்கள், லோரி போய்விட்டது. மறுநாள் ஜூருவைத் தாண்டி அந்த ஜோடிச் சக்கரம் கழன்று, பக்கத்துத் தடத்தைக் குறுக்கே கடந்து, தடுப்புக் கம்பியில் மோதி நின்றது. அந்த நொடியில் பக்கத்தில் எந்த மோட்டார் சைக்கிளும் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று அந்தச் சக்கரத்தைப் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. சக்கரத்தை மாட்டி அரை மணி நேரம் கழித்து, அல்லது 40 முதல் 80 கிலோமீட்டர் ஓடியதும், டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று பிரிட்டன் வழிகாட்டியில் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் போட்ட எல்லா வேலை அட்டையிலும் மறு இறுக்கத்துக்கு ஒரு கட்டம், ஒரு தனிக் கையெழுத்து இருக்கிறது. உங்கள் அட்டையில் அந்தக் கட்டம் உண்டா என்று பாருங்கள்.

2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் கல் ஏற்றி வந்த லோரியும் கலகத் தடுப்புப் போலீஸ் லோரியும் மோதி 9 போலீஸ்காரர்கள் இறந்தார்கள். அதற்குப் பின் அதிகாரிகள் கேட்கும் கேள்விகள் கூடியிருக்கின்றன, வாடிக்கையாளர்களும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். உங்களிடம் கேட்பவர் நல்ல வாடிக்கையாளர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளி ஆளைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த முதல் ஆடிட்டை நீங்களே செய்யுங்கள், கம்பெனியை இதைவிட வேகமாகக் கற்றுக்கொள்ள வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வருடத்துக்கு ஒருமுறை வெளி ஆளைக் கூப்பிடலாம். உங்கள் லோரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைக்காரரை மட்டும் ஆடிட்டுக்குக் கூப்பிடாதீர்கள், அவர் வேலையை அவரே பார்த்துக் குறை சொல்ல மாட்டார். செலவு கட்டுப்படியாகாவிட்டால், தெரிந்த இன்னொரு சின்னக் கம்பெனியோடு பேசி, நீங்கள் அவர்களுடையதையும் அவர்கள் உங்களுடையதையும் பார்க்கலாம். பிறையில் இரண்டு கம்பெனிகளுக்கு நான் அப்படிச் சேர்த்துவிட்டிருக்கிறேன், நன்றாக நடக்கிறது.

அறிக்கையில் கண்டுபிடித்த குறைகளை மறைக்காமல் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் முடியும், முடிந்ததற்கு என்ன சாட்சி என்று போடுங்கள். குறையே இல்லாத அறிக்கையைப் பார்த்தால், விஷயம் தெரிந்த வாடிக்கையாளர் முதலில் அதைத்தான் சந்தேகிப்பார்.

மூன்றாம் நாள் மாலை அப்பாவோடு உட்காருங்கள். இத்தனை வருடம் இந்தத் தொழிலைக் கட்டிக் காத்தவர், தாளைக் காட்டிப் பேசாமல் அவரையே அழைத்துப் போய் அந்த நட்டையும் டிரம்மையும் காட்டுங்கள். ஒரு லோரி ஒரு நாள் நின்றால் எத்தனை வெள்ளி போகும் என்று அவர் உடனே சொல்வார், அந்தக் கணக்கும் நியாயமானதுதான். அதையும் கேட்டுக்கொண்டு, மறுநாள் காலை எந்த லோரி கேட்டைத் தாண்டாது என்று இருவருமாக முடிவெடுத்த பிறகு எழுந்திருங்கள்.