நாக்கும் மூச்சும்: ஆங்கில உச்சரிப்பு பற்றி வாசகர் கேள்விகள்

? முதுகு, பை, மூட்டை கட்டுதல் ஆகிய மூன்றுக்கும் உள்ள ஆங்கிலச் சொற்கள் என் வாயில் ஒன்றுபோலவே வருகின்றன. போனில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவர் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்கிறார். எப்படித் திருத்துவது?
– வாசகர், திருச்சி

மூன்றையும் தமிழில் 'பேக்' என்றுதான் எழுத முடியும். சிக்கலின் வேரே அதுதான். தமிழ் வல்லினத்தின் ஒலி அது நிற்கும் இடத்தைப் பொறுத்துத் தானாக மாறும். 'படம்' என்பதில் வருகிற பகரம் வேறு, 'அம்பு' என்பதில் வருவது வேறு; நமக்கு இரண்டும் ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு பொருளையே மாற்றிவிடும்.

முதலில் சொல்லின் தொடக்கத்தைக் கவனியுங்கள். டிஷ்யூ பேப்பரில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, உதட்டுக்கு முன்னால் இரண்டு அங்குலத்தில் தொங்கவிடுங்கள். 'பென்' என்று பேனாவைச் சொல்லும்போது காகிதம் துள்ள வேண்டும். 'பால்' என்று பந்தைச் சொல்லும்போது அநேகமாக அசையக் கூடாது. தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும். நம் பகரத்தில் மூச்சு வெடித்து வருவதில்லை. அதனால்தான் பேனாவைச் சொன்னாலும் ஆங்கிலக் காதுக்கு அது பந்தின் முதல் ஒலிபோல விழுகிறது. இங்கே பலர் உதட்டை இறுக்கி அழுத்திப் பார்ப்பார்கள். அழுத்தம் கூடுமே தவிர மூச்சு வராது. உதட்டைத் தளர்த்தி, திறக்கும் அதே கணத்தில் காற்றை விடுங்கள். ஸ்பூன், ஸ்கூல் போல ஸகரத்துக்குப் பின்னால் வரும்போது மட்டும் இந்த மூச்சு தேவையில்லை. நம் வல்லினமே அங்கு அச்சாகப் பொருந்தும்.

இனி முடிவு. முதுகையும் பையையும் பிரித்துக் காட்டுவது கடைசி மெய்யைவிட அதற்கு முன்னால் உள்ள உயிரின் நீளம். முதுகில் உயிரைச் சட்டென்று வெட்டுங்கள். பையில் இழுத்து நிறுத்துங்கள். அந்த உயிரும் நம் ஏகாரம் அல்ல. ஏகாரத்துக்கு வாயை வைத்து, தாடையை இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறக்கினால் சரியான ஒலி வரும். தொப்பிக்கும் வாடகைக் காருக்கும், இருக்கைக்கும் விதைக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களிலும் இதே நீள வேறுபாடுதான். ஒரு நாளைக்கு ஒரு ஜோடி போதும். இருபது முறை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள்.

? என் மகள் 'புக்கு', 'கப்பு' என்றே சொல்கிறாள். கண்டித்தும் மாறவில்லை.
– வாசகி, விருதுநகர்

கண்டிக்க வேண்டாம், அவள் செய்வது தமிழ் இலக்கணப்படி சரி. வல்லின மெய்யில் சொல்லை முடிக்காமல் ஓர் உகரத்தைச் சேர்ப்பது நம் மொழியின் இயல்பு. அடுத்து உயிரெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால் அந்த உகரம் ஓடிவிடும் என்பதும் நம் புணர்ச்சி விதிதான். அதையே பயன்படுத்துங்கள். 'புக் இஸ்', 'கப் ஆஃப் டீ' என்று சேர்த்துச் சொல்லவிட்டு, மெல்ல இரண்டாவது சொல்லை விட்டுவிடச் சொல்லுங்கள். 'கப்' என்று மூடிய உதட்டை இரண்டு நொடி திறக்காமல் வைத்திருந்தால் உகரம் நுழைய வழியில்லை.

? நாங்கள் 'ரி.வி.' என்று எழுதுகிறோம், தமிழ்நாட்டில் 'டிவி' என்கிறார்கள். எது ஆங்கில ஒலிக்கு நெருக்கம்?
– வாசகர், யாழ்ப்பாணம்

நாக்கு தொடும் இடத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் பக்கமே நெருக்கம். டகரத்துக்கு நாக்கு நுனி பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொடும். ஆங்கில ஒலிக்கு அது வளையாமல், மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் உள்ள ஈறு மேட்டைத் தொட வேண்டும். 'காற்று', 'பற்று' என்பவற்றை இலங்கையில் சொல்லும்போது றகர இரட்டைக்கு நாக்கு தொடும் இடம் அதுவே. தமிழ்நாட்டுப் பேச்சில் அது 'காத்து' ஆகிவிட்டது. படிக்கும்போது பலர் 'காட்ரு' என்கிறார்கள். ஆனாலும் தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் வழி உண்டு. 'மான்' என்று சொல்லி னகரத்தில் நிறுத்துங்கள். நாக்கை அங்கேயே வைத்து மூச்சை வெடிக்கவிட்டால் அந்த ஒலி வரும். எழுதும்போது ரகரம் இட்டாலும் படிக்கும்போது நாக்கை அதிரவிடக் கூடாது என்பதை மட்டும் யாழ்ப்பாண வாசகர்கள் மறக்க வேண்டாம்.

? ஒவ்வொரு ஒலியும் சரியாக வருகிறது. ஆனாலும் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் 'மறுபடி சொல்லுங்கள்' என்கிறார்கள்.
– வாசகி, கோயம்புத்தூர்

அப்படியானால் குறை அழுத்தத்தில் இருக்க வேண்டும். எங்கள் கணிப்பில், தனி ஒலிப் பிழைகளைவிட இதுவே அதிகம் தடுக்கிறது. நாம் அசைகளுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே எடை கொடுக்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கி நீளும், மற்றவை ஒடுங்கும். புகைப்படத்துக்கான சொல்லில் முதல் அசை, புகைப்படக் கலைக்கு இரண்டாவது, அதன் பெயரடைக்கு மூன்றாவது. ஹோட்டல், டெவலப், ஈவன்ட் மூன்றிலும் நாம் முதலில் அழுத்துகிறோம். அழுத்தம் இரண்டாவதில் விழ வேண்டும்.

ரப்பர் பேண்டை இரு கட்டைவிரல்களில் மாட்டி, அழுத்த அசையில் மட்டும் இழுங்கள். ஒடுங்கும் உயிர்களுக்குக் குற்றியலுகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 'பாக்கு' என்பதில் கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறைகிறதல்லவா, அதே அளவுக்குக் குறைத்து 'பனானா'வின் முதல், கடைசி உயிர்களைச் சொல்லிப் பாருங்கள். அழுத்தம் எங்கே என்று அகராதியிலேயே தெரியும்: ஒலிக்குறிப்பில் அழுத்த அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு செங்குத்துக் கோடு இருக்கும்.

? மேற்கும் உள்சட்டையும் எனக்கு ஒரே 'வெஸ்ட்'தான். காதும் ஆண்டும் ஒரே 'இயர்'.
– வாசகர், மதுரை

மேற்குக்கு உதட்டைக் குவியுங்கள், பல் எங்கும் படக் கூடாது. உள்சட்டைக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட்டு உரச வேண்டும். கண்ணாடி முன் செய்தால் ஒரே நாளில் பிடிபடும். காதுக்கான சொல்லில் இகரத்துக்கு முன் நாம் அறியாமல் ஒரு யகரம் நுழைகிறது. முன்னால் 'அன்' சேர்த்து 'அனியர்' என்று ஒரே மூச்சில் சொன்னால் அது விலகும்.

? தினமும் கால் மணி நேரம்தான் கிடைக்கும். எப்படிப் பயிற்சி செய்வது?
– வாசகர், சேலம்

பதினைந்து நொடிப் பேச்சு ஒன்றை எடுங்கள். வாய் திறக்காமல் மூன்று முறை கேட்டு, அழுத்த அசைகளுக்கு அடிக்கோடிடுங்கள். பிறகு ஒலியைக் குறைத்து, கூடவே ஐந்து முறை பேசுங்கள். அதன்பின் போனில் பதிவு செய்து, மூலத்தோடு ஒப்பிட்டு ஒரே ஒரு பிழையை மட்டும் குறியுங்கள். மறுநாள் அதே பகுதியில் அந்தப் பிழையோடு தொடங்குங்கள்; பகுதியை வாரம் ஒருமுறை மாற்றினால் போதும்.