மாஸ் செடியின் வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் தீர்மானிப்பது ஜீனா, ஹார்மோனா?

ஈரமான இடங்களில் பச்சை மெத்தை போல வளரும் சிறு செடி மாஸ். வேரும் பூவும் இல்லாத இந்த மாஸில் ஆக்ஸின், சைட்டோகைனின் என்ற தாவர ஹார்மோன்களுக்கு என்ன வேலை, ஜீன்களுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகலைப் படிப்பின்போது சில மாதங்கள் இந்தச் செடியை அகர் தட்டில் வளர்த்து, தினமும் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து எனக்கு மிகவும் பிடித்த செடி இதுதான். அதனால் பதில் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

முதலில் ஒரு விஷயம். நாம் பச்சையாகப் பார்க்கும் மாஸ், ஒற்றைமடிய உடல், அதாவது செல்லில் குரோமோசோம் ஒரு தொகுதிதான். ஒவ்வொரு ஜீனுக்கும் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. அதைக் கெடுத்தால் விளைவு உடனே கண்ணில் தெரியும், மறைத்து வைக்க இன்னொரு பிரதி கிடையாது. பிஸ்கோமிட்ரியம் பேட்டன்ஸ் என்ற சிறிய மாஸில், நாம் விரும்பிய ஜீனைக் குறிவைத்து நீக்குவதும் எளிது. இது 1997-இல் தெளிவானது. 2008-இல் அதன் முழு மரபுத்தொகுதியும் வெளியானது. நான் கீழே சொல்வதில் பெரும்பகுதி இந்த ஒரு செடியிலிருந்து தெரிந்துகொண்டது.

வித்து (ஸ்போர், விதை இல்லை) முளைத்ததும் வருவது இலை இல்லை, நூல். புரோட்டோனீமா என்பார்கள். முதலில் குளோரோனீமா: பசுங்கணிகம் நிறைந்த, மெதுவாக வளரும் செல்கள், குறுக்குச்சுவர் நேராக இருக்கும். அப்புறம் காலோனீமா: நீண்ட செல்கள், சாய்ந்த சுவர், வேகமாக ஓடி இடம் பிடிக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு மாற்றிவிடுவது ஆக்ஸின். தட்டில் ஆக்ஸின் சேர்த்தால் பச்சை மங்கி, நூல்கள் வெளியே ஓட ஆரம்பிக்கும். அந்த மாற்றத்தைச் செல்லுக்குள் நடத்துவது ஆர்எஸ்எல் ஜீன்கள். அவற்றில் இரண்டை நீக்கினால் காலோனீமா ஒழுங்காக உருவாவதில்லை, செடியைத் தரையில் பிடித்து நிறுத்தும் ரைசாய்டுகளும் சரியாக வருவதில்லை. பூக்கும் செடியான அரபிடாப்சிஸில் இதே குடும்பத்து ஜீன்தான் வேர்த்தூவியை உண்டாக்குகிறது. மாஸின் ஜீனை எடுத்து, வேர்த்தூவி இல்லாத அரபிடாப்சிஸ் செடிக்குள் வைத்தார்கள். வேர்த்தூவி திரும்ப வந்துவிட்டது! 2007-இல் வெளியான முடிவு இது. வேர் என்ற உறுப்பே தோன்றுவதற்கு முன்பே அந்தத் தூவிக்கான ஏற்பாடு இருந்திருக்கிறது.

நூலிலிருந்து இலையுள்ள செடி எப்படி வருகிறது? இங்கே சைட்டோகைனின் வருகிறது. காலோனீமாவின் பக்கவாட்டில் ஒரு செல் பிதுங்கும். அது இன்னொரு நூலாகவும் போகலாம், மொட்டாகவும் மாறலாம். சைட்டோகைனின் இருந்தால் மொட்டு. ஃபியூனேரியா என்ற இன்னொரு மாஸில் செய்த பழைய சோதனை ஒன்று எனக்கு மறக்கவே மறக்காது: மொட்டு தொடங்கிய சீக்கிரத்திலேயே ஹார்மோனைக் கழுவி எடுத்துவிட்டால், மொட்டு மறுபடி நூலாகிவிடும். அதாவது ஹார்மோன் ஒருமுறை தட்டி எழுப்பினால் போதாது, செல் உறுதியாக முடிவெடுக்கும்வரை கூடவே இருக்க வேண்டும். ஆனால் ஹார்மோன் எவ்வளவு ஊற்றினாலும் நடக்காத ஒரு நிலையும் உண்டு. ஏபிபி என்ற நான்கு ஜீன்களையும் நீக்கிவிட்டால், சைட்டோகைனின் கொடுத்தும் இலைச்செடி வருவதே இல்லை. உங்கள் "ஜீனா, ஹார்மோனா" கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. எப்போது, எந்த இடத்தில் என்பதை ஹார்மோன் சொல்கிறது. அதைக் கேட்டுச் செய்யும் திறன் ஜீனிடம் இருக்கிறது.

மற்ற ஹார்மோன்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்சிசிக் அமிலம் உலர்ந்துபோவதைத் தாங்க வைக்கிறது. ஸ்ட்ரைகோலாக்டோன் பக்கத்துக் கூட்டத்தோடு நெருக்கும்போது நூல் பரவுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஜிப்ரெல்லின் மட்டும் வித்தியாசம்: பூக்கும் செடிகளில் உள்ள அந்த முழு அமைப்பு இங்கே இல்லை. அதன் முன்னோடிப் பொருள்களிலிருந்து வரும் வேறு மூலக்கூறுகளை மாஸ் பயன்படுத்துகிறது.

இனி இனப்பெருக்கம். குளிர்ச்சியும் குறைந்த பகல் நேரமும் இதைத் தொடங்கி வைக்கின்றன. ஆய்வகத்தில் சுமார் 15 டிகிரி செல்சியஸ், எட்டு மணி நேர வெளிச்சம். இலைச்செடியின் நுனியில் ஆண் உறுப்பான ஆந்தரிடியமும் பெண் உறுப்பான ஆர்க்கிகோனியமும் வரும். ஆண் செல்லுக்கு இரண்டு கசையிழைகள், தண்ணீரில் நீந்தித்தான் முட்டையை அடைய வேண்டும்.

நான் வளர்த்த தட்டுகளில் இந்த உறுப்புகள் எல்லாம் வந்தன, ஆனால் வித்துப்பை ஒன்றிரண்டுக்கு மேல் வரவில்லை. தண்ணீர் ஊற்றியதில் தவறு என்று நினைத்து வாரக்கணக்கில் வருத்தப்பட்டேன். பிறகுதான் காரணம் புரிந்தது. உலகெங்கும் பல ஆய்வகங்களில் இருக்கும் கிரான்ஸ்டன் வகை, இங்கிலாந்தில் 1962-இல் சேகரித்த ஒரே ஒரு வித்திலிருந்து வந்தது. பல பத்தாண்டுகளாக நூலை வெட்டி வெட்டியே பெருக்கியதில், அந்த வகையின் ஆண் செல்கள் பெரும்பாலும் நீந்தும் திறனை இழந்துவிட்டன. இனப்பெருக்கம் தேவைப்படாத இடத்தில் அதற்கான ஜீன்கள் இப்படிக் கெட்டுப்போவதை என் கண்ணால் பார்த்ததாகவே இன்றும் நினைக்கிறேன்.

கருவுற்ற பிறகு நடப்பதுதான் என்னை இன்னும் வியக்க வைக்கிறது. லீஃபி என்ற ஜீன் அரபிடாப்சிஸில் பூவை உண்டாக்குவதற்குப் பெயர் பெற்றது. பூவே இல்லாத மாஸில் அதற்கு என்ன வேலை? கருமுட்டையின் முதல் பகுப்பு. அது இல்லாவிட்டால் கருமுட்டை அப்படியே நின்றுவிடும்.

அந்தக் கரு இரட்டைமடிய உடலாக, காம்பும் வித்துப்பையுமாக வளர வேண்டும். குரோமோசோம் இரட்டிப்பானதால்தான் அது அப்படி வளர்கிறது என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நாக்ஸ்-2 வகை ஜீன்களை நீக்கிப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. இரட்டைமடியக் கரு, குரோமோசோமைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பு நடக்காமலே, புரோட்டோனீமா நூலை விட ஆரம்பித்தது. அதிலிருந்து இலைச்செடியும் வந்தது. மறுபக்கம், பெல்-1 ஜீனை அதிகமாக இயங்கவிட்டால், கருவுறாத ஒற்றைமடிய நூலிலிருந்தே வித்துப்பைத் தலைமுறையின் உடல் உருவாகிறது. குரோமோசோம் ஒரு மடியா, இரு மடியா என்பதை மீறி, எந்தத் தலைமுறையின் உடலைக் கட்டுவது என்பதை இந்த ஜீன்களே முடிவு செய்கின்றன.