பாட்டியின் சொல்லை எங்கே சேர்ப்பது?

கேள்வி: வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறோம். சுங்குடி முடிச்சுப் போடும் பாட்டியிடம் கேட்ட தொழிற்சொற்களைத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதினேன்; நீக்கிவிட்டார்கள். என்ன செய்வது?
- வாசகி, கீழவாசல், மதுரை

பதில்: விக்கிப்பீடியா ஏற்கெனவே வெளியான சான்று கேட்கும், பாட்டியின் வாய்மொழி அங்கே செல்லாது. அதிகம் எழுதப்படாத மொழிகளுக்கு இது பெரிய அநீதிதான். ஆனால் அதன் உடன்பிறப்பான விக்கித்தரவு என்னும் தரவுத்தளத்தில் 2018 முதல் தனிச்சொற்களுக்கே இடமுண்டு. அங்கே 'புதிய லெக்ஸீம்' (சொல்லுக்கான பதிவு) திறந்து சொல், மொழி, சொல்வகை மூன்றையும் நிரப்புங்கள். பிறகு பொருளைத் தமிழில் சேருங்கள். அச்சு அகராதியைப் பார்த்து எழுதாதீர்கள். காப்புரிமைச் சிக்கல் வரலாம்.

எழுத்தில்தான் கவனம் வேண்டும். தமிழின் ஒரே 'க' சௌராஷ்டிரத்தில் நான்கு ஒலி. அதனால்தான் க, க², க³, க⁴ என மேலெண் போடும் வழக்கம். எண்ணை விட்டால் வேறு சொல்லாகிவிடும். சௌராஷ்டிர எழுத்து 2008-லேயே யூனிகோடில் வந்துவிட்டது. கைபேசியில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ சான்ஸ் சௌராஷ்டிரா போன்ற எழுத்துரு இல்லையென்று அர்த்தம். முடிந்தால் தமிழ் எழுத்து, சௌராஷ்டிர எழுத்து இரண்டு வடிவத்தையும் கொடுங்கள்.

குரலையும் சேருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு சொல்லுக்கு ஒரு கோப்பாகப் பதியுங்கள். பல கைபேசிகள் எம்4ஏ (.m4a) கோப்பாகச் சேமிக்கும், ஒலி, படக் கோப்புகளை வைக்கும் விக்கிமீடியா பொதுவகம் அதை ஏற்காது. வேவ் (.wav) அல்லது ஆக் (.ogg) கோப்பாக மாற்றி ஏற்றுங்கள்.

அதற்கு முன் பாட்டியிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: இந்தக் குரலை யாரும் எடுத்து விற்கவும் செய்யலாம், கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. தயங்கினால் அந்தப் பதிவு வீட்டிலேயே இருக்கட்டும்.