சைக்கிளுக்குப் பின்பக்கக் கண்ணாடி தேவையா?

பரந்தனிலிருந்து கிளிநொச்சிக்கு ஏ9 வீதியால் தினமும் சைக்கிளில் போகிறவர் கண்ணாடி பூட்டவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பூட்டுங்கள், வலப்பக்க ஹான்டிலில். நாங்கள் இடப்பக்கமாக ஓடுவதால் பஸ்ஸும் லொறியும் முந்துவது வலப்பக்கத்தால்தான்.

காது போதும் என்பார்கள். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) முகத்தில் அடிக்கிற நாட்களில் ஓடிப் பாருங்கள், காதுக்குள் காற்றின் இரைச்சல்தான் கேட்கும். கரியரில் அரிசி மூட்டை இருந்தால் கழுத்தைத் திருப்பும்போதே ஹான்டிலும் வலப்பக்கம் இழுபடும், வாகனம் வருகிற பக்கத்துக்கே.

ஆனால் கண்ணாடியை முழுசாக நம்பவேண்டாம். வெளிப்பக்கம் வளைந்த கண்ணாடி அகலமாகக் காட்டும். ஆனால் பின்னால் வருவது சிறிதாகத் தெரிவதால், தூரத்தில் நிற்பது போலிருக்கும். அதற்குள் பஸ் கிட்ட வந்துவிடும். வலப்பக்கம் திரும்புவதென்றால் கண்ணாடியைப் பார்த்து, அப்புறம் ஒருதரம் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து, கையைக் காட்டியே திரும்பவேண்டும்.

உள்ளே கிரவல் ஒழுங்கைகளில் மட்டும் ஓடுகிறவருக்கு இது வீண்செலவு. குலுக்கத்தில் கண்ணாடி ஆடி, ஒன்றும் தெரியாது. பூட்டுகிறவர்கள் ஆணியை அடிக்கடி இறுக்குங்கள். பின் சிவப்பு ரிஃப்ளெக்டர் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள்.