பீரோவில் இருக்கும் கல்யாண கேசட்டுகள்

கேள்வி: 1992-ல் நடந்த எங்கள் கல்யாணத்தின் வீடியோ கேசட் பீரோவில் இருக்கிறது. அம்மா இப்போது இல்லை. அவர் நடமாடுவதையும் பேசுவதையும் அந்த கேசட்டில் மட்டும்தான் பார்க்க முடியும். கேசட் ஓட்டும் டெக் ரிப்பேராகிப் பல வருஷமாச்சு. யுஎஸ்பி ஒயர் ஒன்று வாங்கினால் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடலாம் என்கிறான் மகன். நாமே செய்யலாமா, கடையில் கொடுப்பதா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நாமே செய்யலாம். ஆனால் மகன் சொல்லும் அந்த யுஎஸ்பி கருவியைவிட முக்கியமானது டெக்தான், படம் எப்படி வரும் என்பது அதன் கையில்தான் இருக்கிறது. விஎச்எஸ் என்கிற இந்த வகை கேசட்டுக்கான டெக்கைக் கடைசிவரை தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது, அதனால் இனி நமக்குக் கிடைப்பது எல்லாமே பழைய டெக்குகள்தான். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட்டும் ரோலரும் இறுகிப்போயிருந்தால் டேப்பை இழுத்துச் சிக்கலாக்கிவிடும். சொந்தக்காரர் வீட்டில் வாங்கினாலும் சரி, கடையில் வாங்கினாலும் சரி, அம்மா இருக்கும் கேசட்டை முதலில் போடாதீர்கள். போனால் பரவாயில்லை என்கிற ஒரு கேசட்டைப் போட்டு முழுசாக ஓட்டி, ரீவைண்டும் செய்து, டேப் கசங்காமல் வெளியே வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் இதைப் போடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்தக் காலத்தில் பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று கேசட் போட்டுக் கொடுப்பார்கள், இல்லையா? ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பதியும்போது ஒவ்வொரு தடவையும் கலர் கொஞ்சம் கலங்கும், புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடும். உங்களிடம் இருப்பது காப்பியின் காப்பியாகக்கூட இருக்கலாம். புகுந்த வீட்டுப் பரணிலும் தேடச் சொல்லுங்கள், இரண்டையும் ஓட்டிப் பார்த்து, எது தெளிவோ அதை மாற்றுங்கள். இன்னொன்று, லேபிள் ஒட்டும் முதுகுப் பக்கத்தில் ஓரமாக ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும், அதை உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது.

சரி, இப்போது கம்ப்யூட்டர் வேலை. டெக்கிலிருந்து யுஎஸ்பி கருவிக்குப் போகும் ஒயர்களில் மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. டெக்கில் எஸ்-வீடியோ சாக்கெட் இருந்தால் மஞ்சளுக்குப் பதில் அதையே பயன்படுத்துங்கள், நிறம் சுத்தமாக வரும். நம் ஊர் கேசட்டுகள் பிஏஎல் (PAL) என்கிற டிவி பட முறை, அதனால் மென்பொருளில் பிஏஎல், 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம் என்று வையுங்கள். ஓபிஎஸ் (OBS) என்கிற பதிவு மென்பொருள் இலவசம், அதுவே போதும். மூன்று மணி நேர கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகத்தான் செய்யும், அவசரப்படுத்த வழியில்லை, பதிவாகும்போது அந்தக் கம்ப்யூட்டரில் வேறு எதையும் திறக்காதீர்கள். மலிவான கருவிகளில் நேரம் போகப் போகப் படமும் சத்தமும் விலகிப்போகும். இதைக் கண்டுபிடிக்கக் கல்யாண கேசட்டில் ஓர் அருமையான இடம் இருக்கிறது, கெட்டிமேளம்! தவில்காரரின் குச்சி தோலில் படுவதும் சத்தமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கேசட்டின் கடைசிப் பத்து நிமிடத்திலும் யாராவது பேசும் இடத்தில் உதட்டைக் கவனியுங்கள். விலகியிருந்தால் கருவியை மாற்றி மறுபடி எடுங்கள்.

கடைக்குக் கொடுப்பதென்றால் என் அனுபவத்தைக் கேளுங்கள். அக்கா கல்யாண கேசட்டை ஒரு கடையில் கொடுத்தேன். முகமெல்லாம் உப்பின மாதிரி அகலத் திரைக்குப் படத்தை இழுத்து, நாகஸ்வரத்தையும் வந்தவர்கள் பேச்சையும் எடுத்துவிட்டு முழுக்க சினிமாப் பாட்டு சேர்த்துக் கொடுத்தார்கள். தாத்தா ஆசீர்வாதம் செய்யும் குரல் அதில் இல்லை. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேசட் கையில் இருந்ததால் மறுபடி எடுக்க முடிந்தது. பாட்டு வேண்டாம், எஃபெக்ட் வேண்டாம், பழைய டிவியின் 4:3 அளவிலேயே இருக்கட்டும், பதிந்த ஃபைலை வெட்டாமல் ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள், கேசட்டைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். உங்கள் வீடியோகாரர் எடிட் செய்யும்போதே பாட்டுப் போட்டிருந்தால் அந்த இடங்களில் அம்மா குரல் இந்த கேசட்டில் கிடைக்காது. அவர் இன்னும் தொழிலில் இருக்கிறாரா, எடிட் செய்வதற்கு முந்தைய ஒரிஜினல் கேசட்டை வைத்திருக்கிறாரா என்று ஒரு தடவை நேரில் போய்க் கேளுங்கள்.

கேள்வி: கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் டேப் ஓரத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. துடைத்துவிட்டு ஓட்டலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: ஓட்டவே ஓட்டாதீர்கள். அது பூஞ்சை. டெக்கில் போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். மற்ற கேசட்டுகளிலிருந்து தனியாக ஒரு டப்பாவில் வையுங்கள். வெயிலில் காய வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், சூட்டில் டேப் நெளிந்துவிடும். ஸ்க்ரூவைக் கழற்றி டேப்பைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் வழி. மற்ற கேசட்டுகளை முழுசாக ரீவைண்ட் செய்து, புத்தகம் மாதிரி நிறுத்தி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

கேள்வி: டிவிடியில் போட்டு வைத்தால் போதாதா?
- வாசகர், சேலம்

பதில்: போதாது. சாதாரண டிவிடியில் 4.7 ஜிபிதான் இடம். மூன்று மணி நேரத்தை அதில் திணித்தால் ஆட்கள் அசையும் இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். டிவி (DV) என்கிற டிஜிட்டல் வீடியோ முறையில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும், அதை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமானால் அதிலிருந்து சின்னதாக ஒன்று செய்துகொள்ளலாம். இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்து வையுங்கள். டிவிடி பிளேயர் மட்டும் இருக்கும் பெரியவர்களுக்காக ஒரு டிஸ்க் போடுவதில் தப்பில்லை. கேசட்டைத் தூக்கி எறிய வேண்டாம்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மாமா 1990-களில் அனுப்பிய கேசட் கறுப்பு வெள்ளையில் உருண்டு உருண்டு ஓடுகிறது. கெட்டுவிட்டதா?
- வாசகி, மதுரை

பதில்: கெட்டிருக்காது. அங்கே என்டிஎஸ்சி (NTSC) என்கிற டிவி பட முறை, படத்துக்கு 525 வரி. நம்முடையது பிஏஎல், 625 வரி. இரண்டு முறையையும் ஓட்டும், மல்டி சிஸ்டம் என்று எழுதிய டெக்கில் போட்டு, கம்ப்யூட்டரிலும் என்டிஎஸ்சி, 720க்கு 480 என்று மாற்றிவிட்டுப் பாருங்கள், கலர் வந்துவிடும்.