பிரிட்டன் கிராமக் கல்லறைத் தோட்டத்தில் போர்வீரர் கல்லறை எப்படி வந்தது? அதை நாமே சுத்தம் செய்யலாமா?
முதல் உலகப் போரில், வெளிநாட்டில் இறந்தவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவர 1915-இலேயே தடை வந்துவிட்டது. எனவே இங்கே கிடப்பவர் பெரும்பாலும் உள்நாட்டு மருத்துவமனையில் காயத்தாலோ, 1918 விஷக்காய்ச்சலாலோ, பயிற்சி விபத்திலோ இறந்தவர். கல்லில் 1920 என்றிருந்தால் குழம்ப வேண்டாம். 1921 ஆகஸ்ட் 31 வரை பணியில் இறந்தவர்களும், போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் அமைப்பான காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் கணக்கில் சேர்வார்கள்.

சுமார் 81 செ.மீ. உயரம், 38 செ.மீ. அகலம், தலை லேசாக வளைந்த வெளிர்கல், அதில் படைப்பிரிவுச் சின்னம்: இதுதான் ஆணையத்தின் வழக்கமான கல். குடும்பமே நட்ட கற்களும் உண்டு, அவற்றைத்தான் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

பாசியைப் பார்த்ததும் தேய்க்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். பிளீச், கம்பி பிரஷ், பிரஷர் வாஷர் எல்லாம் சுண்ணாம்புக்கல்லின் மேற்பரப்பை அரித்து எழுத்தை மழுக்கிவிடும். சொரசொரப்பான இடத்தில் பாசி மறுபடியும் சீக்கிரம் பிடிக்கும். படமெடுத்து ஆணையத்துக்கு அனுப்புங்கள்.